அவசரமே இல்லாத அவசரச் சட்டம்

தபால் பெட்டியில் வந்த அந்த மஞ்சள் அட்டையைக் கிட்டத்தட்டக் குப்பையில் போட்டுவிட்டேன். பல் மருத்துவரின் தள்ளுபடி விளம்பரத்துக்கும் கூரை மாற்றித் தருகிறோம் என்ற விளம்பரத்துக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்துப் படித்ததற்கு ஒரே காரணம், அதில் ‘ஆர்டினன்ஸ்’ என்ற சொல் பெரிய எழுத்தில் இருந்ததுதான்.

தமிழ்ச் செய்தித்தாள் படித்து வளர்ந்த மண்டைக்கு ஆர்டினன்ஸ் என்றால் அவசரச் சட்டம். சட்டமன்றம் கூடாத நேரத்தில் ஆளுநர் கையெழுத்துப் போட்டு, ராத்திரியோடு ராத்திரியாக அமலுக்கு வருவது. எங்கள் தெருவுக்கு எதற்கு அவசரச் சட்டம் என்று ஒரு கணம் திக்கென்றது. கலிஃபோர்னியாவுக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. இங்கே நகர மன்றம் தன் எல்லைக்குள் போடுகிற எந்தச் சட்டத்துக்கும் அதுதான் பெயர் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. கோழி வளர்ப்பதற்கு ஒன்று, வேலி உயரத்துக்கு ஒன்று, இலை ஊதும் இயந்திரத்துக்கு ஒன்று. அவசரம் என்பது துளிகூடக் கிடையாது. மன்றத்தில் முதலில் அறிமுகம் செய்ய வேண்டும். குறைந்தது ஐந்து நாள் கழித்து இரண்டாவது முறை எடுத்து நிறைவேற்ற வேண்டும். அதற்கப்புறமும் 30 நாள் காத்திருந்தால்தான் அமல். நிஜமாகவே தலைபோகிற காரியமென்றால் ஐந்தில் நான்கு பங்கு உறுப்பினர்கள் கைதூக்கி உடனே அமலாக்கலாம், அதற்குத் தனி வகை இருக்கிறது. தமிழில் அதை அவசர அவசரச் சட்டம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

சரி, அட்டைக்கு வருகிறேன். எங்கள் பின்வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய கடை வரிசை. ஒரு சலவைக் கடை, ஒரு கராத்தே பள்ளி, மூடிக் கிடக்கும் இரண்டு கடைகள், அவற்றுக்கு முன்னால் எப்போதும் முக்கால்வாசி காலியாக இருக்கும் பெரிய கார் நிறுத்துமிடம். அந்த நிலத்தின் ஜோனிங்கை, அதாவது எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்ற விதியை மாற்றி, கீழே கடைகளும் மேலே வீடுகளுமாக நான்கு மாடி கட்ட அனுமதிப்பதுதான் அந்த ஆர்டினன்ஸ். செவ்வாய்க்கிழமை மாலை 7 மணிக்குக் கருத்துக் கேட்பு. உங்கள் வீடு 300 அடிக்குள் இருப்பதால் இந்த அறிவிப்பு என்று அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

நான்கு மாடி! என் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரிகிற வானத்தில் பாதி போய்விடும். யாரோ மூன்றாவது மாடியில் நின்றுகொண்டு நான் துணி மடிப்பதைப் பார்ப்பார்கள். கார்கள் எல்லாம் எங்கள் தெருவில் வந்து நிற்கும். ஒரு மணி நேரத்தில் எனக்குள் ஒரு போராளி உருவாகிவிட்டாள். மூன்று நிமிடம் பேசலாம் என்று நகராட்சியின் பக்கத்தில் போட்டிருந்தது. நான் கணக்கு எழுதுகிறவள், எதையும் அளந்து செய்துதான் பழக்கம். 390 சொற்களில் பேச்சு எழுதி வைத்துக்கொண்டேன்.

நான் போய்ப் பேசலாமா என்பதிலேயே ஒரு சந்தேகம். குடியுரிமை கிடையாது, பச்சை அட்டைதான், அதாவது கிரீன் கார்டு. பார்த்தால், யாரும் பேசலாமாம். பெயரைக்கூடச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. இங்கே உள்ளாட்சிக் கூட்டங்களுக்கு 1953-இல் போட்ட பிரவுன் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதற்கு முந்தைய வருடம் சான் ஃபிரான்சிஸ்கோ கிரானிக்கிள் பத்திரிகை, ஊர் மன்றங்கள் எப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு முடிவெடுக்கின்றன என்று தொடர் கட்டுரை போட்டது. அதன் விளைவாக ரால்ஃப் பிரவுன் என்ற சட்டமன்ற உறுப்பினர் கொண்டுவந்த சட்டம். கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்னதாக நிகழ்ச்சிநிரலை வெளியே ஒட்ட வேண்டும். அதில் இல்லாத விஷயத்தில் முடிவெடுக்கக் கூடாது. மன்றத்தில் ஐந்து பேர் என்றால், அவர்களில் மூன்று பேர் காபிக் கடையிலோ மின்னஞ்சலிலோ மன்ற விவகாரத்தைத் தங்களுக்குள் பேசிக்கொள்ளக் கூடாது. இரண்டு பேர் பேசி, அதில் ஒருவர் மூன்றாமவரிடம் கடத்துவதும் குற்றம்தான்.

செவ்வாய்க்கிழமை ஏழுக்கு ஐந்து நிமிடம் முன்னதாகப் போய் உட்கார்ந்தேன். எங்கள் விவகாரம் ஒன்பதாவது.

முதல் முக்கால் மணி நேரம் என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. கொடி வணக்கம், நூலகத்தில் தன்னார்வமாக வேலை செய்த ஒருவருக்குப் பாராட்டுப் பத்திரம், படம் எடுத்துக்கொள்வது. அப்புறம் மேயர், “கன்சென்ட் காலெண்டர், யாராவது எதையாவது தனியாக எடுக்க விரும்புகிறீர்களா?” என்று கேட்டார். விவாதமில்லாமல் ஒரே வாக்கில் மொத்தமாக நிறைவேற்றுகிற பட்டியல் அது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. வாக்கெடுப்பு. நாற்பது நொடியில் பதினான்கு விஷயங்கள் முடிந்துபோயின. அதில் ஒன்று ஊரில் பாதித் தெருக்களுக்கு மறுபடி தார் போடும் ஒப்பந்தம். எங்கள் குடும்பத்தில் ஒரு துணி துவைக்கும் இயந்திரம் வாங்க இதைவிட அதிக விவாதம் நடந்தது.

அடுத்து, நிகழ்ச்சிநிரலில் இல்லாத விஷயங்களைப் பேசுகிற நேரம். ஒரு பெரியவர் எழுந்து, பக்கத்து வீட்டுக்காரர் காலை ஆறரைக்கு இலை ஊதும் இயந்திரத்தை ஓட்டுகிறார் என்று கொந்தளித்தார். கடைசியில், “இதற்கு என்ன செய்யப்போகிறீர்கள், சொல்லுங்கள்!” என்று மேசையைத் தட்டினார். ஐந்து பேரும் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். “நன்றி, அடுத்தவர்” என்றார் மேயர். எனக்கே கோபம் வந்தது. பிறகுதான் தெரிந்துகொண்டேன், நிரலில் இல்லாததை அவர்கள் விவாதிப்பதைச் சட்டமே தடுக்கிறது. ஒரு வரி பதில் சொல்லலாம், அலுவலரிடம் பார்க்கச் சொல்லலாம், அவ்வளவுதான். அந்தப் பெரியவருக்கு இதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் மேசை தப்பித்திருக்கும்.

எங்கள் முறை வந்தபோது மணி 9:20. கணினியில் படம் போட்டு விளக்கிய நகரத் திட்ட அலுவலர் இளம் பெண், முப்பது வயதுகூட இருக்காது. அவர் கொடுத்த அறிக்கை 140 பக்கம். அதை வெள்ளிக்கிழமை இரவே இறக்கிப் படித்திருந்தேன், வரிச்சட்டத்தின் அடிக்குறிப்புகளைப் படித்துப் பழகிய கண் எனக்கு. அதில் எனக்குப் பிடிபட்ட முதல் விஷயம், சட்டம் எழுதுகிறவர்களுக்கு மூன்று வினைச்சொற்கள்தான் உயிர்நாடி என்பது. ஷல், ஷுட், மே. தமிழில் சொன்னால் ‘அமைக்க வேண்டும்’, ‘அமைப்பது நல்லது’, ‘அமைக்கலாம்’. முதலாவது மட்டும்தான் சட்டம். இரண்டாவது அறிவுரை. மூன்றாவது, ‘லாம்’ என்ற இரண்டெழுத்து, எல்லோருக்கும் நல்லவராக இருக்க விரும்புகிறவர்கள் கண்டுபிடித்தது. கட்டடத்துக்கும் எங்கள் வேலிக்கும் நடுவில் மரங்கள் என்று படத்தில் பச்சைப் பசேலென்று காட்டியிருந்தார்கள். உரையில் போய்ப் பார்த்தால், மரங்கள் வைக்கலாம்.

பேச விரும்புகிறவர்கள் நீலச் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். அன்று 62 சீட்டுகள். மேயர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஆளுக்கு ஒரு நிமிடம் என்று அறிவித்தார். நேரத்தைக் குறைக்கிற உரிமை அவர்களுக்கு உண்டு.

390 சொற்கள். ஒரு நிமிடம்.

வரிசையில் நின்றபடியே பேனாவால் அடித்துக்கொண்டே போனேன். பேச்சு மேடையில் ஒரு சின்னப் பெட்டி, அதில் மூன்று விளக்குகள். பேச ஆரம்பித்தால் பச்சை, பத்து நொடி மிச்சமிருக்கும்போது மஞ்சள், முடிந்தால் சிவப்பு. எதிரில் ஐந்து முகங்கள், அதில் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வணக்கம் சொல்லி, எத்தனை வருடமாக இருக்கிறேன், எங்கே இருக்கிறேன் என்று சொல்லி முடிப்பதற்குள் மஞ்சள் எரிந்தது. விளக்கைப் பார்த்ததும் நாக்கு குழறிவிட்டது. ‘இந்தப் பகுதியின் தன்மையைக் காப்பாற்ற வேண்டும்’ என்ற என் முத்தான வரியைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மைக் அணைந்தது. ‘காப்பாற்ற’ என்பது வெறும் வாயில் வந்தது.

எனக்குப் பின்னால் பேசியவர் ஒரு நர்ஸ். எங்கள் வீட்டிலிருந்து ஒரு திருப்பம் தள்ளியிருக்கிற அடுக்கு வீட்டில் வாடகைக்கு இருக்கிறாராம். தனக்கு மஞ்சள் அட்டை வரவேயில்லை, கூட வேலை செய்கிற ஒருவர் சொல்லித்தான் வந்தேன் என்றார். வீடுகள் வேண்டும் என்று பேசினார். இருபது நொடியில் முடித்துவிட்டு மிச்ச நேரத்தை அப்படியே விட்டுவிட்டுப் போனார். அட்டை விஷயத்தை அப்புறம் பார்த்தேன். மாநிலச் சட்டம் கேட்பது 300 அடிக்குள் உள்ள சொத்தின் உரிமையாளருக்கு அனுப்பச் சொல்லித்தான். வாடகைக்கு இருப்பவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். அவருக்கான அட்டை, அந்தக் கட்டடத்தின் சொந்தக்காரர் எந்த ஊரில் இருக்கிறாரோ அங்கே போயிருக்கும்.

பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர் மாசசூசெட்ஸ் மாநில ஊர்களில் இந்த மாதிரிக் கூட்டங்களின் குறிப்புகளை எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். பேசியவர்களில் புது வீடுகளை ஆதரித்தவர்கள் ஏறத்தாழ 15 சதவீதம்தான். பேசினவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், சொந்த வீட்டுக்காரர்கள். எங்கள் கூட்டத்திலும் வரிசையைப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது, என்னையும் சேர்த்து.

பதினோரு மணி நெருங்கும்போது, பதினோரு மணிக்கு மேல் கூட்டம் நடத்தலாமா என்பதற்கே ஒரு வாக்கெடுப்பு. நடத்தலாம் என்றார்கள். அப்புறம்தான் உறுப்பினர்கள் பேச ஆரம்பித்தார்கள். ஒருவர், நான்கு மாடியை மூன்றாகக் குறைக்கலாமே என்று கேட்டார். அரங்கில் கைதட்டல், நானும் தட்டினேன். சிட்டி அட்டர்னி, அதாவது நகராட்சியின் வழக்கறிஞர், மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். இரவு முழுக்க அவர் பேசிய முதல் வாக்கியங்கள் அவை. “குறைக்கலாம். ஆனால் குறைகிற வீடுகளை வேறெந்த நிலத்தில் காட்டப்போகிறீர்கள் என்பதையும் இன்றே சொல்ல வேண்டும். இந்த நிலம் ஏற்கெனவே மாநிலத்துக்குக் கொடுத்த கணக்கில் இருக்கிறது.”

கைதட்டல் நின்றுபோனது.

கணக்கு என்றதும் எனக்குக் காது நிமிர்ந்தது. விஷயம் இதுதான். கலிஃபோர்னியாவில் 1969-இலிருந்து ஒவ்வொரு ஊரும், இத்தனை வீடுகளுக்கு எங்கள் எல்லைக்குள் இடம் இருக்கிறது என்று திட்டம் போட்டு மாநிலத்திடம் ஒப்புதல் வாங்க வேண்டும். இப்போது அது எட்டு வருடத்துக்கு ஒருமுறை. எங்கள் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி முழுமைக்கும் 2023 முதல் 2031 வரைக்கான எண்ணிக்கை 4,41,176 வீடுகள். அதை ஊர் ஊராகப் பிரித்துக் கொடுப்பார்கள். ஊர்தான் வீடு கட்டித் தர வேண்டும் என்பதல்ல, கட்ட வருகிறவருக்கு வழி விட வேண்டும், அந்த வழி வரைபடத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒப்புதல் போய்விடும். ஒப்புதல் இல்லாத ஊரில், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு ஒரு பங்கு ஒதுக்குகிறேன் என்று கட்டுநர் ஒருவர் வந்தால், ஜோனிங்கைக் காட்டி அவரைத் திருப்பி அனுப்ப முடியாது. நான்கு மாடி வேண்டாம் என்று அடம்பிடித்து எட்டு மாடி வாங்கிக்கொள்கிற கதை.

எங்கள் நகர மன்றம் அந்தத் திட்டத்தை நிறைவேற்றியது முன்னமே. எங்கள் வேலிக்குப் பின்னால் இருக்கிற நிலத்தை மாற்றித் தருவோம் என்று அதில் தேதியோடு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்கு நடந்தது அந்தப் பத்திரத்துக்குக் கையெழுத்து.

ஒரு சின்ன மாற்றம் மட்டும் நடந்தது. தனி வீடுகளை ஒட்டிய பக்கத்தில் நான்காவது மாடி 10 அடி உள்வாங்கி இருக்க வேண்டும் என்று ஒரு திருத்தம். வேண்டும், லாம் அல்ல. 11:35-க்கு வாக்கெடுப்பு, நான்குக்கு ஒன்று. “தலைப்பை மட்டும் வாசிக்கிறேன்” என்று சொல்லி ஊழியர் ஒருவர் மூச்சு விடாமல் ஒரு நீண்ட வாக்கியத்தைப் படித்தார். அதுதான் அறிமுகம்.

இரண்டு வாரம் கழித்து இரண்டாவது வாசிப்பு. நான் போனேன். அந்த 62 பேரில் நான் ஒருத்திதான் இருந்தேன். யாருக்கோ பாராட்டுப் பத்திரம், படம், அப்புறம் கன்சென்ட் காலெண்டர். எங்கள் ஆர்டினன்ஸ் அதில் ஆறாவது வரி. நாற்பது நொடிகூட ஆகவில்லை.

அந்த இரண்டு வாரத்துக்கு நடுவில்தான் எனக்குத் தூக்கம் கெட்டது. மாடியால் இல்லை, ‘தன்மை’ என்ற சொல்லால். என் பேச்சுத் தாளில் அது மூன்று இடத்தில் இருந்தது. அன்றைக்குப் பேசிய பாதிப் பேர் அதையே சொன்னார்கள். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தேடப் போய், ராத்திரி ஒரு மணி வரை படித்துக்கொண்டிருந்தேன்.

1926-இல் ஒஹாயோவில் யூக்ளிட் என்ற ஊரின் ஜோனிங் சட்டம் செல்லுமா என்று ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. செல்லும் என்று தீர்ப்பு. அமெரிக்கா முழுக்க ஜோனிங் பரவியது அந்த தைரியத்தில்தான். தீர்ப்பை எழுதிய நீதிபதி சதர்லேண்ட் இரண்டு உவமைகள் சொல்கிறார். நல்ல பொருளே தப்பான இடத்தில் இருந்தால் தொல்லை, தொழுவத்தில் இருக்க வேண்டிய பன்றி வரவேற்பறையில் இருப்பது போல. இன்னொன்று, தனி வீடுகள் உள்ள பகுதியில் வருகிற அடுக்குமாடிக் கட்டடம் பெரும்பாலும் வெறும் ஒட்டுண்ணி, அந்தப் பகுதியின் குடியிருப்புத் தன்மை உண்டாக்கிய அழகை உறிஞ்சப் பார்ப்பது. குடியிருப்புத் தன்மை! என் முத்தான வரி அங்கே உட்கார்ந்திருந்தது, எனக்கு நூறு வருடம் முன்னால்.

அதற்கும் முன்னால் போனால் சலவைக் கடை. 1885-இல் இதே மாநிலத்தில் மொடெஸ்டோ என்ற ஊர், சலவைக் கடைகள் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு குறிப்பிட்ட பகுதியில் மட்டும்தான் இருக்கலாம் என்று சட்டம் போட்டது. சலவைக் கடை நடத்தியவர்கள் சீனர்கள். சான் ஃபிரான்சிஸ்கோ கொஞ்சம் சாமர்த்தியமாகச் செய்தது. மரக் கட்டடத்தில் சலவைக் கடை நடத்த அனுமதி வேண்டும் என்று 1880-இல் ஓர் ஆர்டினன்ஸ். தீ விபத்து பயம் என்று காரணம். யாருடைய பெயரும் இல்லை, எந்த இனமும் இல்லை, படித்தால் நியாயமாகத்தான் தெரியும். ஊரில் இருந்த ஏறத்தாழ 320 சலவைக் கடைகளில் 310 மரக் கட்டடங்கள். விண்ணப்பித்த சுமார் 200 சீனர்களில் ஒருவருக்கும் அனுமதி இல்லை. சீனர் அல்லாத சுமார் 80 பேரில் ஒரே ஒருவரைத் தவிர எல்லோருக்கும் கிடைத்தது. யிக் வோ என்ற கடையின் சொந்தக்காரர் 10 டாலர் அபராதம் கட்ட மறுத்துச் சிறைக்குப் போய், 1886-இல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார். சட்டத்தின் எழுத்து நேர்மையாக இருந்தாலும் அதைக் கெட்ட கண்ணோடும் ஓரவஞ்சனைக் கையோடும் நடத்தினால் செல்லாது என்ற கருத்து அந்தத் தீர்ப்பில்தான் வருகிறது. அவர் குடிமகன் இல்லை, வந்தேறி. இருந்தாலும் சட்டத்தின் சம பாதுகாப்பு அவருக்கும் உண்டு என்றது நீதிமன்றம்.

பச்சை அட்டையை வைத்துக்கொண்டு நான் பேசலாமா என்று யோசித்தேனே, அது ஞாபகம் வந்தது. வேலிக்குப் பின்னால் இருக்கிற சலவைக் கடைக்காரரிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். அவருக்கு அந்தக் கதை தெரியாது. “புதுக் கட்டடத்தில் கீழ்த்தளக் கடைக்கு வாடகை எவ்வளவு இருக்கும்?” என்று கேட்டார். அது அறிக்கையின் 140 பக்கத்தில் எங்கேயும் இல்லை.

இதற்குள் எதிர் வீட்டு அம்மாள் கையில் அட்டைப் பலகையோடு வந்தார். அந்த 30 நாள் காத்திருப்பு சும்மா இல்லை. அதற்குள் ஊரின் பதிவான வாக்காளர்களில் 10 சதவீதம் பேரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தால் ஆர்டினன்ஸ் அப்படியே நின்றுவிடும். மன்றம் அதை ரத்து செய்ய வேண்டும் அல்லது மக்கள் வாக்குக்கு விட வேண்டும். அம்மாளுக்கு எழுபது தாண்டியிருக்கும், வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். “நீ அன்றைக்கு அழகாகப் பேசினாயே, முதல் ஆளாக உன்னிடம்தான் வருகிறேன்” என்றார்.

“எனக்கு ஓட்டு இல்லையே, என் கையெழுத்து செல்லாது” என்றேன். அது உண்மை. ஆனால் வீட்டுக்குள் என் கணவர் இருந்தார். அவர் போன வருடமே குடியுரிமை வாங்கிவிட்டார். அவரைக் கூப்பிடுகிறேன் என்று நான் சொல்லவில்லை. அம்மாள் புரிந்துகொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். கொஞ்சம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். கையெழுத்துகள் போதவில்லை.

நான் கட்சி மாறிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கார் நிறுத்தக் கணக்கு தப்பு என்று இப்போதும் சொல்வேன். பேருந்து இருபது நிமிடத்துக்கு ஒன்று வரும் என்று அறிக்கையில் போட்டிருக்கிறார்கள். நான் நின்று பார்த்திருக்கிறேன். சமையலறை ஜன்னல் பற்றிய வருத்தமும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் இதை எங்கே போய்ச் சொல்லியிருக்க வேண்டும் என்பது வேறு கேள்வி. அதற்கு விடை தேடி நகராட்சியின் பழைய ஆவணங்களுக்குள் போனேன். இரண்டரை வருடம் பின்னால் ஒரு புதன்கிழமை, நூலகத்தின் கூட்ட அறையில் மாலை ஆறரைக்கு ஒரு பட்டறை. வருகைப் பதிவுத் தாளை நகலெடுத்துப் போட்டிருக்கிறார்கள், 11 பெயர்கள். ஒரு புகைப்படம். மேசை முழுக்க ஊரின் வரைபடம், சுற்றிலும் கைகள். வீடுகள் வரலாம் என்று நினைக்கிற இடத்தில் பச்சை வட்ட ஸ்டிக்கர், வேண்டாம் என்கிற இடத்தில் சிவப்பு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கள் வேலிக்குப் பின்னால் ஐந்து பச்சை, ஒரு சிவப்பு.

அந்தப் பட்டறைக்கு எனக்கும் அழைப்பு வந்திருந்தது. மின்னஞ்சலில் தேடினால் கிடைத்தது, திறக்கப்படாமல்.

அதற்கப்புறம் இந்தக் கணக்கு எனக்கு முழுசாகப் புரிந்தது. பட்டறையில் ஸ்டிக்கர். அது வரைவுத் திட்டத்தில் ஒரு வரி. பிளானிங் கமிஷனில், அதாவது மன்றம் நியமிக்கிற குடிமக்கள் குழுவில், பரிந்துரை. அப்புறம் மன்றத்தில் ஆர்டினன்ஸ். நாளைக்கு ஒரு கட்டுநர் படத்தோடு வருவார். அப்போது மன்றம் பார்க்கக் கூடியது அளவுகோலை மட்டும்தான். எண்ணால் அளக்க முடிகிற விதிகளுக்குள் கட்டடம் இருந்தால், மக்களின் உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து என்று நிரூபித்தாலொழிய மறுக்க முடியாது. 2019-இல் வந்த ஒரு மாநிலச் சட்டப்படி அந்தப் படத்தை வைத்து ஐந்து கூட்டத்துக்கு மேல் இழுக்கவும் முடியாது. ‘சுற்றுப்புறத்தோடு பொருந்த வேண்டும்’ என்பது அளவு இல்லை, ‘10 அடி உள்வாங்க வேண்டும்’ என்பது அளவு. மேலே போகப் போக அரங்கம் பெரிதாகிறது, கூட்டம் கூடுகிறது, பேச்சு நேரம் குறைகிறது, மாற்றக் கூடிய விஷயமும் சுருங்கிக்கொண்டே வருகிறது. நான் போய் நின்றது கிட்டத்தட்டக் கடைசிப் படியில்.

இந்த வசந்தத்தில் பெரிய சாலை நெடுக ஒரு புதுத் திட்டம் போடுகிறார்கள் என்று மின்னஞ்சல் வந்தது. திறந்தேன். அதே நூலக அறை, அதே மாலை ஆறரை. மகளையும் இழுத்துக்கொண்டு போனேன். ஒன்பது பேர் வந்திருந்தோம். அதே இளம் திட்ட அலுவலர்தான், ஆளுக்கு ஆறு ஸ்டிக்கர் கொடுத்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, “பின்வேலி” என்று சிரித்தார். பதினாறு வயதுப் பெண்ணுக்கும் ஆறு ஸ்டிக்கர் உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார். மகள் தன் ஆறையும் ஒரே இடத்தில் ஒட்டினாள். அவள் பள்ளி முடிந்து நிற்கிற பேருந்து நிறுத்தம். அங்கே ஒரு கம்பம் மட்டும்தான் இருக்கிறது, உட்கார இடமில்லை, நிழலில்லை. “ஆறையும் ஒரே இடத்திலா?” என்றேன். “அம்மா, ஆறு கொடுத்தா ஆறு இடத்துல ஒட்டணும்னு எங்க எழுதியிருக்கு?” என்றாள். எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

போன மாதம் வரைவு வெளிவந்தது, 96 பக்கம். பேருந்து நிறுத்தங்கள் 71-ஆம் பக்கத்தில் இருக்கின்றன. முக்கிய நிறுத்தங்களில் நிழற்கூரையும் இருக்கையும் அமைக்கலாம் என்று போட்டிருக்கிறார்கள்.

லாம்.

புதன்கிழமை பிளானிங் கமிஷன், நான்காவது விஷயம். அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றச் சொல்லி எழுதி வைத்திருக்கிறேன். நேற்று சாப்பாட்டு மேசையில் சத்தமாகப் படித்தேன், மகள் கைபேசியில் நேரம் பார்த்தாள். 48 நொடி.